எங்கள் வாசலுக்கு முட்டை போட்டவர்

சிட்லபாக்கத்தில் மார்க்கு கையால் பத்துக்கு ஏழுக்கு மேல் வாங்கியவர் ஒரே ஒருவர்தான். அது நானில்லை. நான் முதன்முதலில் வாங்கியது முட்டை. முப்பத்தைந்து வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் முட்டை போட்டவன் வீட்டு வாசலிலேயே ஒரு நாள் விடிந்ததும் சாக்பீஸில் பெரிய முட்டை இருந்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மார்க்கு என்பது அவருடைய சொந்தப் பெயரில்லை. சொந்தப் பெயர் என்னவென்று நாங்கள் யாரும் கேட்டதுமில்லை. எங்கள் தெரு முனையில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். பிறந்து வளர்ந்ததெல்லாம் தாம்பரம். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் வராமல் போய்விட்டன. சக்கர நாற்காலியை சைக்கிள் சாமான்களைப் போட்டுத் தானே செய்துகொண்டார். கடையைத் திறப்பது பத்து மணிக்கு. அதற்கு முன்னால், காலை ஆறு மணியிலிருந்து, ஊருக்குப் பரீட்சை.

மடியில் ஒரு இஞ்சி டேப், கையில் ஓர் ஒட்டடைக் கம்பு, கம்பின் நுனியில் கட்டிய சாக்பீஸ். கடையோ, சலூனோ, கல்யாண மண்டபமோ, எந்த வாசலைக் கண்டாலும் நாற்காலி நிற்கும். படியின் உயரத்தை அளப்பார். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளத்தில் சரிவு வேண்டும், அவருடைய வேதம் இந்த ஒரு வரிதான். சரிவு இல்லாவிட்டால் கம்பை நீட்டி முதல் படியிலேயே மார்க்கை எழுதிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவார். சண்டையும் கிடையாது, மனுவும் கிடையாது.

பக்கத்துத் தெருவில் ஓர் எலும்பு டாக்டர் இருந்தார். கைராசிக்காரர்தான், ஆனால் கிளினிக் மாடியில். லிப்ட் கிடையாது. கால் ஒடிந்தவர்கள் எல்லாம் நொண்டிக்கொண்டே பதினெட்டுப் படி ஏறி, கால் ஒடிந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு இறங்குவார்கள். மார்க்கு அந்த வாசலுக்குப் போட்டது மைனஸ் இரண்டு. டாக்டர் நல்ல மனிதர். ஒரு வாரம் அந்த எண்ணைத் தாண்டித் தாண்டி ஏறிப் பார்த்தார், அப்புறம் முடியாமல் கீழே மருந்துக் கடையின் பின்னறைக்கு இறங்கி வந்துவிட்டார். உடனே நான்கு மார்க் கிடைத்தது. டிபன் கடைக்காரர் வேறு மாதிரி. தனக்கு விழுந்த இரண்டை அழித்துவிட்டு, தன் கையாலேயே ஒன்பது என்று எழுதிக்கொண்டார். மறுநாள் காலை அதன் கீழே 'காப்பி அடித்ததால் பெயில்' என்று இருந்தது. இட்லி வாங்க வந்தவர்கள் எல்லாரும் படித்தார்கள்.

இவ்வளவு பேரை ஆட்டி வைத்த மனிதர் நுழைய முடியாத ஓர் இடம் இருந்தது. எங்கள் தெருவை ஒட்டிய பூங்கா. அதற்குக் காரணம் அடியேன்தான். நடைப்பயிற்சி சங்கத்தின் செயலாளர் என்ற முறையில், பைக்காரர்கள் உள்ளே வராமலிருக்க வாசலில் இரண்டு இரும்புக் குழாய்களை நெருக்கமாக நட்டு, நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும்படி செய்திருந்தேன். பைக்குகள் வரவில்லை. எனக்குச் சால்வை கூடப் போட்டார்கள்.

உள்ளே நாங்கள் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதையில் எட்டு நடந்துகொண்டிருப்போம். சர்க்கரைக்கு நல்லது என்று யாரோ சொன்னதிலிருந்து ஊரே எட்டு போடுகிறது. ஒரு நாள் வெளியே ஏதோ சத்தம். போய்ப் பார்த்தால், நான் நட்ட அந்த இரண்டு குழாய்களின் நுனிகளையும் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு மார்க்கு தண்டால் எடுத்துக்கொண்டிருக்கிறார். இடுப்பை பெல்ட்டால் நாற்காலியோடு கட்டியிருக்கிறார். மனிதர் எழும்பினால் நாற்காலியும் சேர்ந்து தரையை விட்டு எழும்புகிறது. எட்டு நடந்தவர்கள் எல்லாம் பாதியில் விட்டுவிட்டு வாசலுக்கு வந்து, வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார்கள். முப்பதில் நிறுத்தினார். மூச்சு கூட வாங்கவில்லை. ஒரு மூட்டை அரிசியை நகர்த்த இரண்டு பேரைக் கூப்பிடுகிற எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இப்போது நினைத்தாலும் சிலிர்க்கிறது. தன்னை உள்ளே விடாத கம்பியையே உடற்பயிற்சிக் கூடமாக்கிக்கொண்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவர் என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "பைக்கு வர்ற வழிய அடச்சிட்ட சார், கரீட்டு. நான் வர்ற வழி எது?"

கமிட்டியில் வைக்கிறேன் என்றேன். வைத்தேன். ஆறு மாதம் அது அங்கேயே இருந்தது.

இந்த நிலையில்தான் என் வீட்டு வாசலில் முட்டை விழுந்தது. விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி வசந்தாவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. அதற்கு முன் அந்தப் பூங்காவில் என்னைவிட வேகமாக எட்டு போட்டவள். இப்போது இடது கையும் காலும் சரியில்லை. படுக்கையறையிலிருந்து கூடம், கூடத்திலிருந்து படுக்கையறை. வாசலில் மூன்று படிகள். அவளைத் தூக்கி இறக்க எனக்குத் தெம்பில்லை, அடுத்தவரைக் கூப்பிட மானம் விடவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் ரெஸ்ட் எடுக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

முட்டையைப் பார்த்ததும் கோபத்தோடு அவர் கடைக்குப் போனேன். ஒரு மிக்ஸியின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை.

"ஆள் உள்ள கீறாங்க, வெளிய வர வழி இல்ல. அந்த வூட்டுக்கு வேற இன்னா மார்க்கு போடச் சொல்ற?"

உள்ளே ஆள் இருப்பது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். மிக்ஸி ரிப்பேருக்காக வசந்தா போனில் பேசியிருக்கிறாள். பேச்சுவாக்கில், பார்க்கில் அந்த மகிழமரம் பூ உதிர்க்கிறதா என்று கேட்டிருக்கிறாள்.

"எனுக்கும் தெரியாதும்மா, நானும் உள்ள போனதில்லன்னு சொன்னேன் சார். ரெண்டு பேரும் சிரிச்சிகினோம்."

அவர்கள் சிரித்திருக்கிறார்கள். அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். தினமும் காலையில் அந்த மரத்தடியில் பூவை மிதித்துக்கொண்டு நடந்தவன் நான். ஒரு நாளாவது ஒரு பூவைக் கொண்டுபோய்க் கொடுக்கத் தோன்றவில்லை.

அன்றைக்கே அவர் போனில் வசந்தாவுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்துவிட்டார். டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தை அவள் என்றைக்கோ பரணில் எறிந்திருந்தாள். சும்மா எதற்கு ஒரு பந்தைப் பிசைவது என்பது அவள் கட்சி. மார்க்கு சப்பாத்தி மாவைப் பிசையச் சொன்னார், இடது கையால், காலை ஒரு முறை, மாலை ஒரு முறை. அது அவளுக்கு நியாயமாகப் பட்டது. விளைவு, மூன்று மாதம் எங்கள் வீட்டில் சோறு கிடையாது. நான் சப்பாத்தி, அக்கம்பக்கம் சப்பாத்தி, தெரு நாய் கூடச் சப்பாத்தியை முகர்ந்து பார்த்துவிட்டு வேறு தெருவுக்குப் போனது. ஆனால் மூன்றாம் மாதம் அந்த இடது கை டம்ளரைப் பிடித்தது.

நானும் கமிட்டியில் ராஜினாமா செய்வேன் என்று மிரட்டி, பூங்காக் குழாய்களைப் பிடுங்கி, வாசல் மேட்டுக்குச் சரிவு கட்ட அனுமதி வாங்கிவிட்டேன். மார்க்கு சொன்ன அளவு இம்மியும் பிசகாமல் கொத்தனார் கட்டினார். திறப்பு விழா அன்று வசந்தாவை நாங்கள் நாலு பேர் புதிதாக வாங்கிய சக்கர நாற்காலியோடு தூக்கி மூன்று படியையும் இறக்கினோம். தெருவைப் பார்த்ததும் அவள் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள்.

சங்கத் தலைவர் ரிப்பன் வெட்டினார். மார்க்கு முன்னால், வசந்தா பின்னால். அருமையான சரிவு. மேலே போனதும் மார்க்குவின் முன் சக்கரம் டக்கென்று இடித்து நின்றது. பார்த்தால், வாசலுக்குக் குறுக்கே மூன்று அங்குல உயரத்துக்குப் புத்தம் புதிய கருங்கல் படி. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, லட்சணமாக இருந்தது. வாசல் என்றால் வாசற்படி இல்லாமல் எப்படி, அபசகுனமில்லையா என்று தலைவர் முதல் நாள் மாலை வந்து வைக்கச் சொன்னாராம். கொத்தனாரும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாராம். எனக்கு அப்போதுதான் தெரியும்.

மார்க்கு நாற்காலியைப் பின்னால் சாய்த்தார், முன் சக்கரங்கள் தூக்கின, கைகள் ஒரு தள்ளு தள்ளின. மனிதர் உள்ளே. கூட்டம் கை தட்டியது. அவர் நாற்காலியைத் திருப்பி, கை தட்டல் அடங்கும்வரை காத்திருந்தார்.

"நான் ஏறிட்டேன். எனுக்குக் கை கீது. அம்மா எப்டி ஏறும்?"

பின்னால் நாலு பேர் வசந்தாவைத் தூக்க வந்தார்கள். அவள் வலது கையை நீட்டித் தடுத்தாள்.

"வேண்டாம். தூக்கிக்கிட்டு வர்றதா இருந்தா நான் வீட்டுக்கே போறேன்" என்றாள்.

நான் கொத்தனாரின் கடப்பாரையை எடுத்தேன். மங்கலகரமான அந்தப் படியைக் குங்குமத்தோடு சேர்த்து உடைத்தேன். தலைவர் சிவ சிவா என்று கண்ணை மூடிக்கொண்டார். கடப்பாரை பிடித்துப் பழக்கமில்லை, இரண்டு அடி என் காலருகேயே விழுந்தது. எங்கள் கணக்கு வாத்தியாருக்கு இன்றைக்கு விடை வரவில்லை என்று யாரிடமோ சொல்லி வசந்தா சிரித்தாள். இரண்டு வருஷம் கழித்துக் கேட்ட சிரிப்பு. அதைக் கேட்டுக்கொண்டேதான் மிச்சத்தையும் உடைத்தேன். அவள் உள்ளே போய் மகிழமரத்தடியில் மடியில் உதிர்ந்த ஒரு பூவை இடது கையால் எடுத்தாள். மார்க்கு கூழாங்கல்லில் தடதடவென்று முதல் எட்டைப் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் என் வீடு. மூன்று படிக்குப் பதினெட்டு அடிச் சரிவு வேண்டும். அப்படியானால் கார் நிறுத்த இடமில்லையே என்றேன்.

"கார் தெருவுல நிக்கட்டும் சார். அம்மாதான் வூட்டுக்குள்ளயே நிக்கணுமா?"

கார் தெருவுக்குப் போனது. சரிவு முடிந்த அன்று ஏறி இறங்கிப் பார்த்தவர், முட்டையை அழித்துவிட்டு ஏழு போட்டார். திருப்பம் குறுகலாக இருக்கிறதாம். போன மாதம் வசந்தா யார் துணையுமில்லாமல் இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்தாள். அங்கே காத்திருந்த மார்க்கு கம்பை நீட்டி, அவள் நாற்காலியின் முதுகில் பத்து என்று எழுதினார். நான் ஆசையோடு வாசலைக் காட்டினேன்.

"பத்து அம்மாக்கு. உனுக்கு அதே ஏழுதான்."

வாசல் தெளிக்கிற பெண்ணிடம் அந்த ஏழின் மேல் தண்ணீர் படக்கூடாது என்று வசந்தா சொல்லிவைத்திருக்கிறாள். கோலம் அதைச் சுற்றித்தான். மழை பிடித்தால் நான் குடையை எடுத்துக்கொண்டு போய் அதன் மேல் பிடித்தபடி நிற்கிறேன். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். ஏழுதான், தெரியும். ஆனால் அவர் போட்ட ஏழு.