எழுபத்தெட்டு கிலோ, எண்பது லிட்டர்

நீச்சல் குளத்தின் அடியில் பதித்திருந்த நீல ஓடுகளில் ஒன்று மூலை உடைந்திருந்தது. டிக்கெட் பரிசோதகருக்கு அந்த ஓடு நன்றாகப் பழக்கம். பத்து நாளாகத் தினமும் காலையில் மூன்று தடவையாவது அதை நேருக்கு நேர் பார்த்துவிட்டு வருகிறார். வருகிறார் என்பது மரியாதைக்குச் சொல்வது. சிவப்புத் தொப்பி போட்ட ஆறு பேர் குதித்து, கக்கத்தில் கை கொடுத்து, அவரை மேலே இழுத்து வருகிறார்கள்.

"பிரமாதம் சார்!" என்றார் கரையில் நின்ற மாஸ்டர்.

"எங்க மாஸ்டர் பிரமாதம்? முழுகிட்டேனே!" பரிசோதகர் இருமினார்.

"முழுகினீங்க. ஆனா பதறாம முழுகினீங்க. அது எல்லாருக்கும் வராது. இன்னொரு தடவை போங்க. மல்லாந்து படுங்க, மூச்சை முழுசா வெளிய விடுங்க, உடம்பைத் தளர்த்துங்க. அவ்வளவுதான்."

பரிசோதகர் படுத்தார், விட்டார், தளர்த்தினார். உடைந்த ஓடு அவரை வரவேற்றது.

ஆளை இப்படி வதைக்க ஒரு காரணம் இருந்தது. அவர் வேலை பார்க்கும் படகுக் கம்பெனி புதிதாக ஒரு விதி போட்டிருந்தது. படகுத்துறையில் நிற்கிற எல்லோரும் இரண்டு நிமிஷம் தண்ணீரில் மிதந்து காட்டி, முத்திரை வைத்த சர்டிபிகேட் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் வெளியூர்ப் பார்சல் கிடங்குக்கு மாற்றல். மாதத்துக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வரமுடியும். மனைவிக்கு இந்தத் தெருவில்தான் தையல் வேலை, மகள் எட்டாம் வகுப்பு. இருவரையும் பெயர்த்துக்கொண்டு போகவும் முடியாது, விட்டுவிட்டுப் போனால் அவருக்கு ஒரு வாய் சாப்பாடு இறங்காது.

"வர்ற சனிக்கிழமை பரீட்சை சார்" என்றார் மாஸ்டர், அவர் தலையைத் துவட்டும்போது. "வெளியிலேர்ந்து அதிகாரி வர்றார். தவறாம வந்துடுங்க. நீங்க இல்லாம நடக்காது."

ஒருத்தருக்கு ஆறு பேர் உதவி, அதற்கு மேல் இந்த அக்கறை வேறு. பரிசோதகருக்குக் கண் கலங்கியது. ஏற்கெனவே குளோரினில் கலங்கியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ஊரில் எல்லோரும் மிதக்கும்போது தான் மட்டும் ஏன் முழுக வேண்டும்? பன்னிரண்டு வருஷம் டிக்கெட் பார்த்தவர் காரணம் கேட்காமல் யாரையும் விட்டதில்லை. தன்னையும் விடுவதாக இல்லை. அன்று சாயங்காலம் மகளின் அறிவியல் புத்தகத்தோடு உட்கார்ந்தார்.

"எடையைக் கன அளவால வகுத்தா அடர்த்திப்பா" என்றாள் மகள். "ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. ஒரு லிட்டர் இடத்துல ஒரு கிலோவுக்கு மேல அடைச்சிருந்தா அந்தப் பொருள் முழுகும். கம்மியா இருந்தா மிதக்கும். இரும்பு முழுகும், கட்டை மிதக்கும்."

"அப்பா?"

"அப்பாவைப் பத்திப் புத்தகத்துல போடலை."

"அப்ப நாமளே கண்டுபிடிப்போம்."

எடை சுலபம். மருந்துக்கடை மிஷின் எழுபத்தெட்டு கிலோ என்றது. கன அளவுக்குக் குளியலறையில் இருந்த நீல டிரம்மை விளிம்பு தட்ட நிரப்பினார்கள். பரிசோதகர் உள்ளே இறங்கித் தலையோடு முழுகி வெளியே வரவேண்டும். மறுபடி விளிம்பு தட்ட எத்தனை லிட்டர் ஊற்ற வேண்டுமோ, அத்தனை லிட்டர் அவர்.

"ஊருக்கெல்லாம் நான் டேப் வச்சு அளவெடுக்கறேன். உங்களுக்கு டிரம்மாங்க?" என்றாள் மனைவி. இருந்தாலும் லிட்டர் மக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

தண்ணீர் சில்லென்று இருந்தது. இறங்கி முழுகியவர் சூடுபட்ட பூனை போலத் துள்ளி வெளியே விழுந்தார். மனைவி ஊற்றினாள், மகள் எண்ணினாள். தொண்ணூறு லிட்டர்.

"பூஜ்யம் புள்ளி எட்டு ஏழு! அப்பா, நீங்க கட்டை!"

பெற்ற மகள் கட்டை என்று சொன்னதற்காக இவ்வளவு பூரித்துப்போன தகப்பன் வேறு யாரும் இருக்க முடியாது. மறுநாள் காலை அந்தப் பூரிப்போடு போய்ப் படுத்தார். உடைந்த ஓடு அங்கேயேதான் இருந்தது.

"நீங்க துள்ளினதுல தண்ணி வெளிய தெறிச்சிருக்கும்பா" என்றாள் மகள். "தெறிச்சதையும் உங்க கணக்குல சேர்த்துட்டோம்."

"இன்னிக்கு ஆடாம அசையாம வர்றேன்."

ஆடாமல் அசையாமல் இறங்கினார். ஆடாமல் அசையாமல் முழுகினார். எழுந்து நிற்கப் பார்த்தபோதுதான் தெரிந்தது, முட்டி இரண்டும் டிரம்மில் ஆப்பு அடித்த மாதிரி மாட்டியிருந்தன. தலை மட்டும் வெளியே வந்தது. அதே நேரம் வாசல் கதவு தடதடத்தது.

கீழ் வீட்டுக்காரர் நின்றிருந்தார். "ரெண்டு நாளா எங்க கூரை ஒழுகுது. சார் எங்கம்மா?"

"டிரம்முக்குள்ள இருக்கார்" என்றாள் மனைவி.

கீழ் வீட்டுக்காரர் உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். கோபத்தை ஒத்திவைத்துவிட்டு ஒரு கையைப் பிடித்தார். மனைவி இன்னொரு கையைப் பிடித்தாள். இருவரும் சேர்ந்து ஓர் இழுப்பு இழுத்ததில் பரிசோதகர் வரவில்லை, டிரம் வந்தது. சாய்ந்த வேகத்தில் அத்தனை தண்ணீரும் கீழ் வீட்டுக்காரரின் இடுப்புவரை நனைத்துவிட்டுத் தரையில் பாய்ந்தது.

"ஐயோ, என் கூரை!" என்று அவர் மாடிப்படியில் ஓடினார்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டதே என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். சாய்ந்த டிரம்மிலிருந்து ஊர்ந்து வெளியே வந்த பரிசோதகர் ஈரத்தோடு தரையில் உட்கார்ந்து புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் அவர். உப்புத் தண்ணீர் அடர்த்தி கூடியது, அதில் பொருள்கள் எளிதாக மிதக்கும் என்று போட்டிருந்தது. ஆளை மாற்ற முடியாவிட்டால் தண்ணீரை மாற்றலாமே!

வியாழக்கிழமை காலை, குளத்து வாசலில் துண்டு கொடுக்கிற அம்மா அவர் பையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சார் இது, கனமா இருக்கு?"

"உப்பு. குளத்துல போட."

"குளம் என்ன சட்டியா சார்? சரி, போடறதுன்னாலும் ரெண்டு பொட்டலம் எந்த மூலைக்கு?"

பரிசோதகர் துண்டின் மேலேயே விரலால் கணக்குப் போட்டார். மூன்று லட்சம் லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு முப்பது கிராம் வைத்தால் ஒன்பது டன் உப்பு. பொட்டலங்களைத் திரும்பப் பைக்குள் திணித்தார்.

விஷயம் கேள்விப்பட்ட மாஸ்டர் ஓடி வந்தார். "சார், இந்த வேலையெல்லாம் வேண்டாம்! நீங்க இருக்கறபடியே இருங்க. அதுதான் எங்களுக்கு வேணும்."

வெள்ளிக்கிழமை மாலை கடைசி அளவெடுப்பு. இந்தத் தடவை துணிக்கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்க ஏற்பாடு. டிரம்முக்குக் காவலாக யாரும் அழைக்காமலே கீழ் வீட்டுக்காரர் வந்து நின்றார்.

"கூரை என்னுது. நானே பார்த்துக்கறேன்" என்று டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஒரு சொட்டு தெறிக்கவில்லை. மனைவி ஊற்றினாள், மகள் எண்ணினாள். சரியாக எண்பது லிட்டர்.

"பூஜ்யம் புள்ளி ஒன்பது ஏழு அஞ்சு. மிதக்கணும்பா!"

"மிதக்கலையே! எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துடுவோம்."

இறங்கினார், ஏறினார். இந்தத் தடவை எழுபத்தாறரை.

"ஒண்ணு புள்ளி பூஜ்யம் ரெண்டு. முழுகணும்பா."

"அஞ்சு நிமிஷத்துல ஒரு ஆள் மூணரை லிட்டர் இளைப்பாரா?" என்றார் கீழ் வீட்டுக்காரர். "குழந்தை எண்ணினது தப்பு."

"நான் தப்பா எண்ணலை!"

மனைவி மக்கைக் கீழே வைத்தாள். "சும்மா இருங்க எல்லாரும். முதல் தடவை மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இறங்கினாரு. நெஞ்சு இப்படி விரிஞ்சுது. ரெண்டாவது தடவை மாஸ்டர் சொன்ன மாதிரி முழுசா விட்டுட்டு இறங்கினாரு. என்கிட்ட சட்டை தைக்க வர்றவங்க எல்லாரும் பண்ற திருட்டுதான் இது. நெஞ்சளவுக்கு மூச்சை இழுப்பாங்க, இடுப்பளவுக்கு விடுவாங்க. நான் பார்க்காத உடம்பா?"

மகள் எண்பதிலிருந்து எழுபத்தாறரையைக் கழித்தாள்.

"மூணரை லிட்டர் காத்து" என்றாள் மகள் மெதுவாக. "அதுக்கு எடையே இல்லாத மாதிரி. ஆனா இடத்தை மட்டும் அடைக்கும். அப்பா, மூச்சு உள்ள இருந்தா நீங்க கட்டை. வெளிய போனா நீங்க இரும்பு!"

"அப்ப மாஸ்டர் ஏன் மூச்சை விடு, விடுங்கறாரு?"

"பாவம், அவருக்குக் கணக்கு வராது போல" என்றார் கீழ் வீட்டுக்காரர். எல்லோரும் மாஸ்டருக்காக ஒரு நிமிஷம் பரிதாபப்பட்டார்கள்.

சனிக்கிழமை காலை அதிகாரி வந்திருந்தார். கழுத்தில் விசில், ஒரு கையில் கடிகாரம், இன்னொரு கையில் காகிதம். ஆறு சிவப்புத் தொப்பிகளும் கரையில் வரிசையாகக் குனிந்து தயாராக நின்றார்கள். மாஸ்டர் பரிசோதகரின் தோளைத் தட்டினார்.

"வழக்கம் போலப் பண்ணுங்க சார். போதும்."

இவர் சொன்னதை மீறி நாம் மிதந்தால் மனம் நோகுமோ என்று பரிசோதகர் ஒரு கணம் யோசித்தார். பிறகு மகள் முகம் நினைவுக்கு வந்தது. ஆழமான பக்கம் போய் மல்லாந்தார். நெஞ்சு கொள்ளும் மட்டும் மூச்சை இழுத்தார்.

முழுகவில்லை.

மூச்சைக் கொஞ்சம் விட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டார். அப்போதும் முழுகவில்லை. தண்ணீர் அவரைக் கீழேயிருந்து தாங்கியது. மேலே வானம் அகலமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ஓட்டுக்கு முதுகு காட்டிக் கிடந்தார். சிரிக்க ஆசையாக இருந்தது, சிரித்தால் காற்று போய்விடும் என்று அடக்கிக்கொண்டார்.

இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். விசில் ஊதவில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார்.

"சார், மூச்சை விடுங்க சார்!" என்று ஒரு சிவப்புத் தொப்பி கரையிலிருந்து கெஞ்சியது.

"கொஞ்சமாவது விடுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!" என்றது இன்னொன்று.

ஓகோ, கவனத்தைக் கலைக்கிற சோதனையா? விட்டேனா பார் என்று பரிசோதகர் நெஞ்சை இன்னும் விரித்தார். நான்கு நிமிஷம் போனது. ஏழு போனது. ஒன்பதாவது நிமிஷம் அதிகாரி விசிலை ஊதி, காகிதத்தில் மேலிருந்து கீழாக ஒரே கோடாக இழுத்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

பரிசோதகர் கரையேறினார். மாஸ்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பரிசோதகர் கேட்டதும் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டு, மேஜை அதிர முத்திரையைக் குத்திக் கொடுத்தார். ஈரக் கையால் தொட்டால் மை கலைந்துவிடும் என்று பரிசோதகர் அதை இரண்டு விரல் நுனியில் பிடித்துக்கொண்டார். இனி எந்தக் கிடங்கும் அவரை வீட்டிலிருந்து பிரிக்க முடியாது. வாய்விட்டு அழலாம் போல இருந்தது.

ஆனால் அழுதுகொண்டிருந்தவர்கள் வேறு. ஆறு சிவப்புத் தொப்பிகளும் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து, இடிந்துபோன முகத்தோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா இது?" என்றார் பரிசோதகர், துண்டு கொடுக்கிற அம்மாவிடம். "நான் பாஸானதுக்கு இவங்களுக்கு இவ்வளவு வருத்தமா? எனக்காகத்தானே இத்தனை நாள் தண்ணியில கிடந்தாங்க?"

அவள் ஒரு துண்டை உதறி மடித்தாள்.

"மிதக்கச் சொல்லித் தர்ற வகுப்பு சாயங்காலம் சார், காலையில நடக்கறது முழுகறவங்களைக் காப்பாத்தப் பழகற வகுப்பு, இன்னிக்குப் பரீட்சையே அந்த ஆறு பேருக்குத்தான்!"