கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?

மதத்துக்கும் கல்ட்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது எனக்கு முதன்முதலாக உறைத்தபோது என் கையில் ஒரு சாவி இருந்தது. பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் என் ரூம்மேட் பிரபு, "மச்சான், திறடா... விளையாடாத, திறடா" என்று தட்டிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் நின்று நான் அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து எக்ஸிட் அண்ணன் படியேறி வந்தார். கதவைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"இப்ப இந்த ரூம்ல நெருப்பு புடிச்சா அவன் எப்பிடிப்பா வெளிய வருவான்?" என்றார்.

இருங்கள். அண்ணன் யார் என்று சொல்லாமல் மேலே போனால் இது வெறும் அடிதடிக் கதை ஆகிவிடும்.

எக்ஸிட் அண்ணன் அளவுக்குக் கடவுள்களைத் தேடிப் போனவரும் பெங்களூரில் கிடையாது, போன இடத்தில் ஒரு கடவுளையும் நிமிர்ந்து பார்க்காதவரும் கிடையாது. எந்தச் சன்னிதியில் நின்றாலும் அவர் கண் தேடுவது வெளியே போகும் வழியை. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு ஐ.டி. பார்க்கில் அவர் ஃபயர் சேஃப்டி ஆபீசர். உண்மைப் பெயர் நாங்கள் தங்கியிருந்த பி.ஜி. விடுதியின் ரிஜிஸ்டரில் இருக்கும், யாரும் புரட்டிப் பார்த்ததில்லை. நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகாதவர். பெங்களூரிலேயே ஆடுகோடியில் பிறந்த வீடு இருந்தும், அந்த வீட்டுக்குப் பின்வாசல் இல்லை என்று காரணம் சொல்லி வெளியே வந்து, எங்கள் மூன்றாவது மாடியில், படிக்கட்டை ஒட்டிய அறையில் எட்டு வருஷமாக இருந்தார்.

பாக்கெட்டில் எப்போதும் ஒரு ரப்பர் ஆப்பு இருக்கும். கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்க அடியில் செருகுவோமே, அது. எங்கே போனாலும் முதலில் ஆப்பு, அப்புறம்தான் வணக்கம். எங்கள் பி.ஜி. பையன் ஒருவன் கல்யாணத்துக்குப் பட்டு வேட்டியில் வந்தார். பின்பக்க வழியை டைனிங் நாற்காலிகள் அடைத்துக்கொண்டிருந்தன. அறுபது நாற்காலிகளையும் ஒற்றை ஆளாகச் சுவரோரம் அடுக்கிவிட்டு, வியர்க்க விறுவிறுக்க மேடை ஏறி, மாப்பிள்ளை காதில், "இப்ப கிளியர் ஆயிடுச்சு. எப்ப வேணா போலாம்" என்றார். மாப்பிள்ளை முகம் போட்டோவில் இன்னும் அப்படியே இருக்கிறது.

அம்மா சர்ச், அப்பா மாரியம்மன் கோயில் என்று வளர்ந்தவர். இரண்டு பக்கத்துச் சொந்தமும் "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டுக் கேட்டு, மனுஷன் தன் தொழிலிலிருந்தே ஒரு சோதனையைக் கண்டுபிடித்துவிட்டார். எந்த வழிபாடானாலும் நடுவில் எழுந்து வெளியே நடப்பார். என்ன ஆகிறது என்று பார்ப்பார். அவ்வளவுதான் சோதனை.

நான் கூடப் போயிருக்கிறேன். சர்ச்சில் ஃபாதர் உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்தார். பின் பெஞ்சுப் பெரியவர், "பாத்ரூம் லெஃப்ட்ல தம்பி" என்றார். கோயிலில் தீபாராதனைக்கு நடுவே நழுவினார். பூசாரி அங்கிருந்தே, "சுண்டல் இருக்குப்பா, வாங்கிட்டுப் போ" என்று கத்தினார். தர்காவில் ஒரு தாத்தா ஒன்றுமே பேசாமல், அண்ணன் மாட்டிக்கொள்ள வசதியாகச் செருப்பை வாசல் பார்க்கத் திருப்பி வைத்தார். அன்றைக்கு அண்ணன் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தார். புத்த விஹாரத்தில் யாரும் கண்ணையே திறக்கவில்லை. "ஃபுல் மார்க்" என்றார்.

ஒரே ஓர் இடத்தில்தான் ஆறு பேர் லிஃப்ட் வரைக்கும் துரத்தி வந்து, அப்புறம் இரண்டு வாரம் போன் செய்தார்கள்.

"அண்ணே, அது மதமே இல்ல. சோப்பு விக்கற மீட்டிங்."

"கதவு கதவுதான தம்பி. உள்ள இன்னா வெச்சிருந்தா இன்னா?"

நான் விடுவேனா? படித்தவன். "அப்ப மதம்னா எல்லாம் நல்லது, கல்ட்னா எல்லாம் கெட்டதா?" என்று மடக்கினேன்.

"நா எப்ப அப்பிடி சொன்னேன்? மதத்துலயும் பூட்டின ரூம் இருக்கு. அங்கயும் நல்ல மனுஷங்க இருப்பாங்க. நா ஆளையும் பாக்கறதில்ல, சாமியையும் பாக்கறதில்ல. எழுந்தா விடறானா? அதாம்பா கேள்வி."

இப்போது பிரபு. திருப்பத்தூர்க்காரன், தங்கமானவன். அவன் டீமைக் கலைத்து, வேலை எதுவும் கொடுக்காமல் நாலு மாதமாகப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். தூக்கம் போய்விட்டது. யாரோ பொம்மனஹள்ளியில் 'பேரமைதி வட்டம்' என்று ஒன்றுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே கண் மூடி உட்கார்ந்ததில் முதல் தடவையாக நன்றாகத் தூங்கினான். அதை நான் மறுக்க மாட்டேன். அன்று அவன் குறட்டையைக் கேட்டவன் நான்.

வட்டத்தின் தலைவரை 'மாஸ்டர்' என்பார்கள். முன்னாள் டெலிவரி மேனேஜர், ஐ.டி. ப்ராஜெக்ட்டைக் கெடுவுக்குள் முடிக்க வைக்கிற வேலை. அதனால் மோட்சத்துக்கும் டெட்லைன் வைத்திருந்தார். இரண்டாம் மாதம் பிரபு, "குடும்பம்ங்கறது பேக்ரவுண்ட்ல ஓடற ப்ராசஸ் மச்சான், கில் பண்ணாத்தான் சிஸ்டம் ஃப்ரீ ஆகும்" என்று பேச ஆரம்பித்தான். அம்மா கூப்பிட்டால் எடுப்பதில்லை. அவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, மூணு வாரத்துல தங்கச்சி கல்யாணம். அண்ணன் மாலை எடுத்துக் குடுக்கணும். வருவான்ல?" என்று கேட்டார். வருவான்மா என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரபு பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். இன்று 'முழுச் சேர்க்கை'. கையெழுத்துப் போட்டால் நேராக அவர்கள் பண்ணைக்கு வண்டி. ஒரு வருஷம் வெளித்தொடர்பு கிடையாது. நான் கெஞ்சினேன், திட்டினேன், கடைசியில் வெளியே வந்து பூட்டினேன்.

அண்ணன் கை நீட்டினார். "சாவி."

"அண்ணே, விட்டா போயிடுவான். அப்புறம் கிடைக்க மாட்டான்."

"தெரியுது. குடு."

"அவன் நல்லதுக்குத்தாண்ணே..."

"அங்கயும் அதையே சொல்லித்தாம்பா பூட்டுவாங்க."

சாவியைக் கொடுத்தேன். கதவைத் திறந்து, ஆப்பைச் செருகி, ஓரமாக நின்றார். பிரபு சிவந்த முகத்தோடு பெட்டியுடன் நின்றான். அண்ணன் அவனைத் தடுக்கவில்லை.

"போ. நாங்களும் வர்றோம். ஒண்ணே ஒண்ணு. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி எழுந்து, அம்மாகிட்ட பேசிட்டு வர்றேன்னு கேளு. விட்டாங்கன்னா இந்தப் பெட்டிய நானே தூக்கிட்டு வந்து வண்டியில ஏத்தறேன்."

"கண்டிப்பா விடுவாங்க. நீங்க மாஸ்டரைப் பாத்ததில்ல" என்றான் பிரபு. என் பயமும் அதுதான். விட்டுவிட்டால்?

பொம்மனஹள்ளியில் கீழே சோபா கடை, மேலே இரண்டாவது மாடியில் வட்டத்தின் ஹால். புதியவர்களும் உட்காரலாம் என்றார்கள். வாசலில் ஒரு கூடை. எல்லோரும் போனை அதில் போட்டார்கள். ஏறிய படிக்கட்டைத் தவிர வேறு வழி இல்லை. ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை. நூறு பேருக்கு மேல் உட்கார்ந்ததும் வெள்ளைக் குர்தா போட்ட ஒருவர் கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாளைப் போட்டு, அதன்மேலேயே சாய்ந்து நின்றுகொண்டார். அண்ணன் நெற்றியில் வியர்வை பூத்தது. அவருக்கு அது ஹால் இல்லை, தீக்குச்சிப் பெட்டி.

மாஸ்டர் முக்கால் மணி நேரம் பேசினார். படிவங்கள் வந்தன. பேனா கை மாறி கை மாறி வந்தது. பிரபு எழவில்லை. பேனா அவனுக்கு இரண்டு ஆள் தள்ளி இருந்தது. அப்புறம் ஒரு ஆள். அவன் கைக்கே வந்துவிட்டது.

எழுந்தான்.

"மாஸ்டர்... அம்மாகிட்ட ஒரு நிமிஷம் பேசிட்டு வந்துடறேன்."

மாஸ்டர் சிரித்தார். அழகான சிரிப்பு, அதையும் சொல்ல வேண்டும். "யார் பேசணும்னு கேக்கறது பிரபு? நீயா, உன் பயமா?"

பிரபு பதில் சொல்வதற்குள் இரண்டு பேர் அவன் பக்கத்தில் நின்றார்கள். ஒருவர் தோளில் கை வைத்தார், மென்மையாக. "உக்காருங்க பிரதர். இது தாண்ட வேண்டிய இடம்." பிரபு கதவைப் பார்த்தான். வெள்ளைக் குர்தா அசையவில்லை. பிரபு மெதுவாக உட்கார்ந்தான். பேனாவைத் திறந்தான்.

நான் எகிறப் போனேன். அண்ணன் என் முழங்காலை அழுத்தினார். "அவன் எழுந்தான்ல? போதும்." தோள்பையிலிருந்து தன் டியூட்டி ஆரஞ்சு ஜாக்கெட்டை எடுத்து மாட்டினார். விசிலை வாயில் வைத்தார்.

அந்தச் சத்தத்தில் கீழே சோபாக்கள்கூட எழுந்து நின்றிருக்கும்.

"டிரில்! ஃபயர் டிரில்! யாரும் ஓட வேணாம்! லிஃப்ட் வேணாம்! சாமான் எடுக்க வேணாம்! அசெம்ப்ளி பாயிண்ட், கீழ பார்க்கிங்!"

அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஐ.டி. கம்பெனிக்காரர்கள் என்பதை மாஸ்டர் மறந்துவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிரில், வருஷக்கணக்காக. மனசு பேரமைதியில் இருந்தாலும் கால்கள் கம்பெனிக்குச் சொந்தமானவை. நூறு பேரும் எழுந்து இரண்டு வரிசை ஆனார்கள். நாலைந்து பேர் யாரும் சொல்லாமலே ஃப்ளோர் வார்டனாக மாறி, கையை உயர்த்தி வழி காட்டினார்கள். கதவில் சாய்ந்திருந்த வெள்ளைக் குர்தா தன்னை அறியாமல் தாழ்ப்பாளை எடுத்து, கதவை முதுகால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "லெஃப்ட்ல இறங்குங்க, கைப்பிடியப் பிடிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"எழுந்திருக்காதீங்க! உடம்பு பொய்!" என்று மாஸ்டர் கத்தியது கேட்டது. நாங்கள் கீழே இறங்கியபோது வெறுங்காலோடு எங்களுக்கு முன்னால் நின்றிருந்தார்.

கடைசியாக ஒரு தொண்டர் போன் கூடையை அணைத்தபடி ஓடி வந்தார். அண்ணனுக்கு அன்று வந்த ஒரே கோபம் அதுதான். "சாமான் எடுக்காதன்னு எத்தினி வாட்டி சொல்றது!"

பார்க்கிங் வெளிச்சத்தில் ஒவ்வொருவராகக் கூடையிலிருந்து தங்கள் போனை எடுத்தார்கள். அப்போது ஒரு போன் அடித்தது. இன்னொன்று. எடுத்துப் பார்த்த முகங்கள் மாறின. பிரபு திரையில் 'அம்மா' என்று பதினேழு மிஸ்டு கால். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினெட்டாவது வந்தது.

"ம்... சாப்டேம்மா... இல்ல, அழல. வெயிலு... எது, பச்சைப் புடவையா? அவளுக்குப் பச்சையே எடும்மா."

அண்ணன் மறுபடி ஒரு சின்ன விசில் ஊதினார். "டிரில் முடிஞ்சுது. மேல போறவங்க போலாம். வீட்டுக்குப் போறவங்க போலாம்." பாதிப் பேர் மேலே போனார்கள். அண்ணன் அவர்களையும் வழிவிட்டு நின்று அனுப்பினார். பிரபு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தான், போன் காதிலேயே இருந்தது. சோபா கடை வாசலில் வைத்துவிட்டு ஏறியிருந்த பெட்டியை நான் தூக்கினேன்.

"அண்ணே, பொய் அலாரம் பெரிய பாவம்னு நீங்கதான சொல்வீங்க?"

"நா எங்கப்பா நெருப்புன்னு சொன்னேன்? டிரில்னுதான சொன்னேன்!"

தங்கச்சி கல்யாணத்தில் பிரபு மாலை எடுத்துக் கொடுத்தான். அந்த மண்டபத்திலும் பின்வழி கிளியர். யார் வேலை என்று சொல்லத் தேவையில்லை. ஆறு மாதத்தில் அண்ணனுக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்தது. ஒரு காலையில் போய்விட்டார். ஆப்பை மட்டும் எங்கள் கதவடியில் விட்டுப்போயிருந்தார்.

நான் சும்மா இருப்பவன் இல்லையே. 'கதவுக் குழு' ஆரம்பித்தேன். ஞாயிறு தோறும் மொட்டை மாடியில் கூட்டம், ஊரெல்லாம் போய் எழுந்து பார்க்கும் சோதனை, பதினெட்டு பேர், வாட்ஸாப், ஏழு விதிகள், வருகைப் பதிவேடு. போன வாரம் மஞ்சுநாத் என்கிற ஹாசன் பையன், "ப்ரோ, நா பர்றதில்ல, சண்டே தூங்கணும்" என்று, இனி வர மாட்டேன் என்பதைப் பாதிக் கன்னடத்தில் சொல்லிவிட்டு விலகினான். நாலு தடவை போன் செய்தேன். நாலாவது தடவை நான் பேசுவது என் காதிலேயே விழுந்தது: "தூங்கணும்னு யார் சொல்றது மஞ்சு? நீயா, உன் சோம்பேறித்தனமா?"

பக்கத்துக் கட்டிலிலிருந்து பிரபு எழுந்தான். ஆப்பை எடுத்து, அறைக் கதவை அகலத் திறந்து, அடியில் செருகிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான்.

விதிகளை அழித்துவிட்டேன். பதிவேட்டையும். வரும் ஞாயிறு அண்ணன் ஹைதராபாத்திலிருந்து ஒரு நாளைக்கு வருகிறார். கூட்டத்துக்கு வருவார், நடுவில் கட்டாயம் எழுந்திருப்பார். அவரை எனக்குத் தெரியாதா? "ஏண்ணே, அதுக்குள்ளயா?" என்று நாக்கு நுனி வரை வரும். கேட்காமல் இருக்கப் பார்க்கப் போகிறேன். தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கையில் கொடுத்து, அவர் செருப்பை வாசல் பார்க்கத் திருப்பி வைக்கப் போகிறேன். அது வரைக்கும் முடியும் என்று நினைக்கிறேன். அதற்கப்புறம் அவர் இறங்கிப் போகும் சத்தம் கேட்டுக்கொண்டு மாடியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குத்தான் இன்னும் டிரில் போதவில்லை.