சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய எதையும் விற்காதீர்கள்

என் பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழுதிக்கொள்வது. நீங்களும் சித்தியும் கடையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் மூன்று நாளாகத் தரையில் மெத்தை போட்டுப் படுப்பதால் முதுகு அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. போனிலேயே சொல்லியிருப்பேன். போன மாதம் எபிரேய மொழி பற்றி நான் அனுப்பிய நாற்பத்தேழு வாய்ஸ் மெசேஜுக்குப் பிறகு நீங்கள் என்னை பிளாக் பண்ணிவிட்டீர்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை, முப்பதோடு நிறுத்தியிருக்கலாம். அப்பா கூப்பிட்டால் எடுப்பீர்கள்தான், ஆனால் அவரிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் உங்கள் கடைக்கு மறுபடி லோடு எடுத்து வரும் லாரி அண்ணன் வாசலில் டீ குடித்து முடிப்பதற்குள் இதை எழுதுகிறேன். முதலில் முக்கியமான விஷயம்: எங்கள் வீட்டிலிருந்து வந்த சாமானில் அம்மாவின் தையல் மெஷின் இருக்கிறது. அதை மட்டும் தயவுசெய்து விற்றுவிடாதீர்கள்.

எப்படி வந்தது என்று கேட்பீர்கள். ஒரு அக்கா தினமும் பால்கனியில் நின்று காபி குடித்துக்கொண்டே எபிரேயத்தில் ஒரு வாக்கியம் சொல்லி வீடியோ போடுவார், அவருக்கு நான் வெறி பிடித்த ரசிகை என்பது உங்களுக்குத் தெரியும். 'அனி ஷோட்டா கஃபே.' நான் காபி குடிக்கிறேன். இந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி இலக்கணம் இருக்கிறது சித்தப்பா, பிளாக் பண்ணாமல் படியுங்கள். நாம் 'குடிக்கிறேன்' என்றால் சொல்வது ஆணா பெண்ணா என்று தெரியாது. அங்கே நான் சொன்னால் ஷோட்டா, நீங்கள் சொன்னால் ஷோட்டே. ஏதோ ஒரு காபி என்றால் வெறும் கஃபே. குறிப்பா அந்தக் காபி என்றால் 'எத் ஹகஃபே'. நாம 'காபி குடிக்கிறேன்'னும் 'அந்தக் காபியைக் குடிக்கிறேன்'னும் சொல்றோமே, அந்த 'ஐ' செய்யும் வேலையை அங்கே 'எத்' முன்னாடி வந்து நின்று செய்கிறது. 'ஹகஃபே ஹம்' என்றால் காபி சூடு, அவ்வளவுதான், நம்மைப் போலவே நடுவில் வேறு எதுவும் கிடையாது. இதைக் கண்டுபிடித்த அன்று நான் வீட்டில் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

ஆனால் அங்கே கட்டில், கரண்டிகூட ஆணா பெண்ணா என்று தெரிந்தால்தான் வாக்கியம் நேராக நிற்கும். அதை மனப்பாடம் செய்ய ஒவ்வொரு பொருளிலும் கலர் ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார் அந்த அக்கா. நம் வீட்டு மேஜை டிராயரில் பார்த்தால் சிவப்பு ஒரு ரோல், பச்சை ஒரு ரோல், புத்தம் புதுசாக. எனக்காகவே யாரோ வைத்த மாதிரி இருந்தது. பெண்பாலுக்குச் சிவப்பு, ஆண்பாலுக்குப் பச்சை என்று ஒரே காலையில் வீடு முழுக்க ஒட்டிவிட்டேன். அப்பா சாயங்காலம் வந்து வாசலில் நின்றபடியே ஒரு பார்வை பார்த்தார். "பரவாயில்லையே, சொல்லாமலே முடிச்சுட்டியே" என்று முதுகில் தட்டினார். பிறந்ததிலிருந்து அவர் என்னைத் தட்டியது அதுதான் இரண்டாவது தடவை. என் எபிரேயத்தை ஒருவழியாக மதிக்க ஆரம்பித்துவிட்டார் என்று கண் கலங்கியது.

முந்தின நாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் வீடு மாற்றும் திட்டத்தை விளக்கியிருக்கிறார். நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தலையாட்டியிருக்கிறேன். கிடங்கில் இருபது வருஷம் சரக்குப் பார்க்கிறவர் இல்லையா, வீட்டுக்கும் அதே முறை: பச்சை என்றால் புது வீட்டுக்கு, சிவப்பு என்றால் உங்கள் பழைய சாமான் கடைக்கு. சாமான் ஏற்றிய அன்று அவருக்கு லீவு கிடைக்கவில்லை, நான் சாவி வாங்கப் புது வீட்டுக்குப் போய்விட்டேன். பழைய வீட்டில் அம்மா மட்டும். ஏற்றும் ஆட்களிடம் அப்பா போனில், "ஸ்டிக்கரைப் பாத்துத் தூக்குங்க, வீட்ல யாரு என்ன சொன்னாலும் காதுல வாங்காதீங்க" என்று சொல்லிவிட்டார். அவர்கள் அப்படியே செய்தார்கள். குளியலறைக் கதவு பெண்பால். அதைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் எடுத்தவரை வீட்டு ஓனர் ஓடி வந்து தடுத்தாராம்.

இப்போது நிலைமை இது. மேஜை, நாற்காலி, பீரோ எல்லாம் வந்துவிட்டன, அவை ஆண்பால். கட்டில், விளக்கு, தட்டு, கரண்டி, போர்வை உங்களிடம். அப்பாவின் பேண்ட்டெல்லாம் இங்கே, சட்டையெல்லாம் அங்கே. சாக்ஸ் வந்தது, ஷூ வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் பூப்போட்ட சட்டையில் அவர் இன்று வேலைக்குப் போன கோலத்தை எந்த மொழியிலும் என்னால் விவரிக்க முடியாது. அதெல்லாம்கூட மெதுவாக வரட்டும். அம்மாதான், சித்தப்பா. இருபத்திரண்டு வருஷம் மிதித்த மெஷின். அது இருக்க வேண்டிய ஜன்னலோரத்தில் நாற்காலியைப் போட்டு மூன்று நாளாகப் பேசாமல் காபி குடித்துக்கொண்டிருக்கிறாள். கோபப்பட்டுத் திட்டினால்கூடத் தாங்குவேன். இந்த மௌனம் என்னைக் கொல்கிறது. உங்கள் கடையில் ஓடுகிற மெஷின் ஒரு வாரம்கூட விற்காமல் கிடக்காது என்று தெரியும். யாராவது விலை பேசிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளுங்கள். நான் ஸ்டிக்கர் தொடுவதையே விட்டுவிடுகிறேன்.

சித்திக்கு என் அன்பு. உங்கள் ஆசீர்வாதம் இந்த நேரத்தில் எனக்குக் கூடுதலாகவே தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் உங்கள் வாய்ஸ் மெசேஜ் மகள்

பி.கு: லாரி அண்ணன் இரண்டாவது டீ கேட்டதால் இதை எழுத முடிகிறது. மேலே எழுதியதை அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று முழுசாகப் படித்துவிட்டாள். "அது உன் செவப்பு இல்லடி, என் செவப்பு" என்றாள். எதில் எந்தக் கலர் ஒட்டினேன் என்று எழுதி வைத்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். தையல் மெஷினுக்கு எபிரேயத்தில் என்னவென்றே எனக்கு அன்றைக்குத் தெரியாது, நான் அதில் எதையுமே ஒட்டவில்லை. நானும் அப்பாவும் பேசி வைத்துத்தான் கட்டிலைக்கூட அனுப்புகிறோம் என்று நினைத்தாளாம். இவ்வளவு போகிறபோது இதுவும் போகட்டும் என்று, லாரி வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால், ரோலிலிருந்து ஒன்றைக் கிழித்து ஒட்டியிருக்கிறாள். "ஊருக்கே தைச்சாச்சு, என் காலுக்கு ஓய்வு வேணாமா? உங்கப்பாகிட்ட கேட்டா ஓடுற மெஷினை எதுக்குத் தூக்கணும்பாரு." மூன்று நாள் மௌனம் துக்கம் இல்லையாம். நிம்மதியாம். பிறகு தம்ளரைத் தூக்கிக் காட்டி, "அனி ஷோட்டா கஃபே" என்றாள். ஷோட்டாதான், ஷோட்டே இல்லை. என் பாடத்தைச் சுவர் வழியாகக் கேட்டே படித்திருக்கிறாள்.

ஆகவே சித்தப்பா, முதல் ஆளுக்கே மெஷினை விற்றுவிடுங்கள். அப்பா கேட்டால் பழி என்மேலேயே இருக்கட்டும், நான் பழகியவள்தான். அவருக்கு இந்தக் கடிதத்தின் மேல் பகுதியை மட்டும் படித்துக் காட்டுங்கள். பி.கு-வைக் கிழித்துவிடுங்கள். சட்டைகளை மட்டும் மறக்காமல் அனுப்புங்கள்.