முதலாம் பாகம் பார்த்தவர்

முதலாம் பாகம் பார்த்தவர் என்று ஓர் இனம் நம்மிடையே உண்டு. எந்தப் படத்தின் இரண்டாம் பாகம் ஓடினாலும், எல்லோருக்கும் முன்னதாக வந்து, நல்ல கதிரையாகப் பார்த்து இழுத்து, திரையைப் பார்க்காமல் சனத்தைப் பார்த்து அமர்ந்து, பெயர்கள் ஓடும்போதே "இவன் நல்லவன் இல்ல" என்று ஆளைக் காட்டி, தெருவில் போகும் அப்பாவிக் கார் ஒன்றைச் சுட்டி "இது வெடிக்கும்" என்பார். வெடித்தால் உங்களை ஒரு பார்வை பார்ப்பார். வெடிக்காவிட்டால்? "பொறுங்க" என்பார். இவரைத் தோற்கடிக்கும் படம் இன்னும் எடுக்கப்படவில்லை.

மட்டக்களப்பை அடுத்த தன்னாமுனையில் இந்தப் பதவியை ஓய்வுபெற்ற பஸ் கொண்டக்டர் கோணாமலை வகித்தார். முதலாம் பாகத்தைக் கொழும்பில், குளிரூட்டிய தியேட்டரில் பார்த்தவர். பாதிப் படத்தில் எழுந்து மட்டக்களப்பு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார் என்பது மகள் அன்னப்பூரணிக்கு மட்டும் தெரியும். அவள் டி.வி. திருத்தப் படித்தவள். தாய் இல்லை, கூடப்பிறந்தவரும் இல்லை. அப்பா ஒருவர்தான். அதனால் வாயைத் திறக்கவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு சித்திரை. சண்டை ஓய்ந்திருந்தது. சாமித்தம்பி வீட்டில் ஜன்னலுக்குச் சாக்குக் கட்டி, முற்றத்தில் ஜெனரேட்டர் வைத்துப் பகல் காட்சி. வீடியோ டெக்கை இயக்குவது அன்னப்பூரணி. ஆங்கிலப் படம், இரண்டாம் பாகம். பெரிய நகரம், மலையில் அதற்கு ஓர் அணைக்கட்டு, அணையில் குண்டு. வெள்ளிக்கிழமை நகரத்தை மூழ்கடிப்பேன் என்று வில்லன் தொலைக்காட்சியில் தோன்றி அறிவிக்கிறான். தடுக்கக் கதாநாயகன், ஒரு பொலிஸ்காரன்.

"நாள் சொல்லிப் போட்டா அழிக்கிறான்?" என்றார் சாமித்தம்பி. "என்ன நல்ல மனிசன்!"

"நிப்பாட்டு புள்ள," என்றார் கோணாமலை. படம் நடுங்கிக்கொண்டு நின்றது. "இந்தப் பொலிஸ்காரனுக்கு முதலாம் பாகத்தில காதலி ஒருத்தி இருந்தவள்."

"இப்ப எங்க அவள்?"

"சம்பளம் கூடக் கேட்டிருப்பாள்."

"நிப்பாட்டி வெச்சா டெக்கிட ஹெட் தேயும் அப்பா," என்றாள் அன்னப்பூரணி.

"தேயட்டும். விளங்காமப் பார்த்து என்ன புள்ள?"

நகரத்துச் சனம் ஓடத் தொடங்கியது. சாமித்தம்பியின் மனைவி சீதேவிப்பிள்ளை கன்னத்தில் கைவைத்தாள். "ஒருத்தியும் பாய் எடுக்கல்ல, அரிசி எடுக்கல்ல. வெறுங்கையோட ஓடுறாளுகள். முன்னப்பின்ன ஓடிப் பழக்கமில்லாத சனம்!"

படம் முடிந்ததும் கோணாமலை தீர்ப்புச் சொன்னார். "ரெண்டாம் பாகத்துக்கு ரெண்டே சட்டம். குண்டு பெரிசு. கதாநாயகன் சாகமாட்டான். மூண்டாம் பாகத்துக்கு ஆள் வேணுமே!"

ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியது. வீதிப் பக்கம் ஷெல் சத்தம். இருப்பதா, போவதா? சனம் யாரிடம் கேட்கும்? பார்த்தவரிடம்தானே!

"எண்பத்தஞ்சில ஆமிக்காரங்கள் சந்தி மட்டும் வந்தவங்கள், திரும்பிப் போனவங்கள். பேசாம வீட்டில இருங்க."

அந்தப் பாகம் நடந்தபோதும் அவர் பாதி நாள் கொழும்பு பஸ்ஸில் இருந்தார். இதையும் மகள் சொல்லவில்லை.

"வாங்க அப்பா, வாவிக்கு அங்கால போவம்."

"நான் பார்த்த படம் புள்ள இது."

இரண்டு நாள் இதே பேச்சு. அவள் கெஞ்சினாள், அழுதாள், சமைக்காமல் இருந்தாள். அவர் அசையவில்லை. மூன்றாம் நாள் ஷெல் கிட்ட விழுந்தது. அவள் அவருடைய சட்டத்தையே எடுத்தாள்.

"ரெண்டாம் பாகத்தில குண்டு பெரிசு எண்டு நீங்கதானே சொன்ன?"

வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் அவருக்குக் கதை சொல்லியிருக்கிறார். கோணாமலை சிரித்துவிட்டார். "கெட்டிக்காரி. பாயை எடு."

தோணியில் அக்கரை போய், ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். அங்கே முதலாம் பாகம் தெரியாத சனம் அறுநூறு பேர். அவருக்குச் சொர்க்கம். கஞ்சி வரிசையில் முன்னால் நின்றவனுக்கும் பின்னால் நின்றவனுக்கும் இனி நடக்கப்போவதை விளக்கினார். நான்காம் நாள் மத்தியானம் அந்த வரிசையில்தான் ஷெல் விழுந்தது. யார் அடித்தது என்பதற்கு இன்றுவரை இரண்டு கதை. அன்னப்பூரணி கிணற்றடியில் இருந்தாள். அவளுக்குக் காயமில்லை.

அவள் தனியே திரும்பி வந்த தன்னாமுனை வீட்டில் ஓர் ஓடுகூட உடையவில்லை. கோணாமலையின் சொல்லைக் கேட்டு ஊரோடு இருந்த சாமித்தம்பி வேலிக் கடப்படிக்கு வந்தார்.

"அப்பா சொன்னதுதான் புள்ள சரி. இங்க ஒண்டும் நடக்கல்ல."

ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

"ஓம் மாமா," என்றாள் அவள்.

வாசகரே, நீங்கள் என்ன நினைத்துக்கொண்டு வந்தீர்கள் என்று சொல்லட்டுமா? மகள் பேச்சைக் கேட்காத பிடிவாதக்காரர், வீட்டோடு கிடந்து செத்துப்போவார் என்று தோணி வருமுன்பே முடிவு கட்டியிருப்பீர்கள். இப்படிப்பட்ட கதை எத்தனை படித்தவர் நீங்கள்! பக்கத்தில் யாராவது இருந்தால் சொல்லியும் இருப்பீர்கள்.

குற்றமில்லை. ஆனால் என்றாவது ஒரு நாள், மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு ஒருத்தி உங்களிடம் வந்து, "இருக்கவா, போகவா?" என்று கேட்டால், "எனக்குத் தெரியாது" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டே சொல். வாயில் வருகிறதா, பார்ப்போம்.