எதையும் கேக்காத கப்பல்

எல்லாருக்கும் வணக்கம்ப்பா. நல்லா இருக்கீங்களா? சக்கர, பிரஷரு, முட்டி வலியெல்லாம் சொன்ன பேச்சு கேக்குதா? கேக்கலன்னாலும் பரவால்ல, காலை நீட்டி உக்காந்துக்குங்க. நம்ம அம்பலம் கப்பல்ல போயி வந்த கூத்தச் சொல்றேன்.

அம்பலத்துக்கு வேண்டியிருந்தது மூணே நாள் லீவு. பாவம், கவர்மெண்டு உத்தியோகத்துல அதுதான கெடைக்காது.

குடியிருக்கறது சிதம்பரம், வேல பாக்கறது கடலூர்ல ஒரு ஆபீசு. பெங்களூர்ல சம்பாதிக்கற அவன் பொண்ணு, அப்பா, அம்மா, அம்மாவப் பெத்த ஆயா மூணு பேரும் அனுபவிக்கட்டும்னு சென்னையிலேர்ந்து கெளம்பற சொகுசுக் கப்பல்ல டிக்கெட் போட்டுட்டா. போட்ட தேதிய மாத்த முடியாதாம். அந்தக் கம்பெனியில இருந்த ஒரே கண்டிஷன் அதுதான், அதுவும் அம்பலம் தலையில வந்து விடிஞ்சிது.

ஆபீசுல ஆடிட்டு நேரம். பிரியம்வதா மேடம் கறாரா சொல்லிட்டாங்க, ஆடிட்டு முடியற வரைக்கும் எவனும் லீவுன்னு வந்து நிக்கக் கூடாது, சாவுன்னா மட்டும் வாங்கன்னு. அம்பலத்த சூப்பிரண்டா ஆக்கச் சொல்லி மேல எழுதறதும் அதே மேடம் கையிலதான். பொய் சொல்லி மாட்டுனா, அவன் ரிட்டையர் ஆவற வரைக்கும் இப்ப உக்காந்திருக்கற அதே ஓட்ட நாற்காலிதான்.

சரி, யாரயாச்சும் சாவடிக்கணும். யாரு மிச்சம்? அப்பனும் ஆத்தாளும் நெசமாவே போயி சேந்தாச்சு. பெரியப்பாவ மச்சான் கல்யாணத்துக்காக அனுப்பிச்சாச்சு. சித்திய கிரிக்கெட் மேட்ச்சுக்கு அனுப்பிச்சாச்சு. உறவுல உசுரோட மிச்சமிருந்தது மாமியா விருத்தாம்பாள் ஒருத்திதான்.

"மாமியா தவறிட்டாங்க மேடம்"னு கண்ணத் தொடச்சான். மேடம் பேனாவ கீழ வச்சிட்டாங்க. பொண்ணு குடுத்த தாயாச்சே, போயி வாங்கன்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க.

அதோட விட்டாங்களா? நம்ம ஜனங்கள்ல கல்யாணத்துக்கு வராம இருந்துட்டா மன்னிப்பு உண்டு, துக்கத்துக்கு வராம இருந்துட்டா மன்னிப்பே கெடையாது. மொத்த ஆபீசும் ஒரு வேன் பேசிக்கிட்டு மாமியா ஊரு குமராட்சிக்கே வரோம்னு நின்னுச்சு. கொள்ளிடத்துல தண்ணி ஏறிடுச்சு, ரோடு முங்கிடுச்சு, வேன் வராதுன்னு அம்பலம் அடிச்ச அடியில ஆத்துக்கே வெள்ளம் வந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து பாத்தா, செத்துப்போன விருத்தாம்பாள் கூடத்துல உக்காந்து முறுக்குப் பொட்டலம் கட்டிக்கிட்டு இருக்கு. கப்பல்ல சோறு எப்படி இருக்குமோன்னு கவல.

கப்பல்ல ஏறுனா, அங்க மேனேஜரு இளவரசுன்னு ஒரு புள்ள. கைய கூப்பி நிக்கறான். எங்க கப்பல்ல எதுக்கும் தட கெடையாது, உங்க வீடு மாதிரி இருங்கன்னான். அது தெரியாம சொல்லிட்டான். விருத்தாம்பாள் வீட்ல எப்படி இருக்கும்னு அவன் பாத்ததில்ல.

வீட்டு முறுக்க திங்கலாமா? தாராளமா. ராத்திரி நைட்டியோட சாப்புட வரலாமா? வாங்க. ஈரப் பொடவைய கைப்புடிக் கம்பியில காயப் போடலாமா? போடுங்க, கிளிப்பு வேணுமான்னு கேட்டான். வெளி சாப்பாடு கொண்டு வரக்கூடாது, தட்டுல கை கழுவக்கூடாதுன்னு செவுரு பூரா எழுதி வச்சிருக்கற ஓட்டல்லயே சாப்புட்டுப் பழகுன அம்பலத்துக்கு, இந்தத் தாராளத்தப் பாத்து கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அன்னிக்கு மத்தியானம் வேற காரணத்துக்காகவும் வந்துது.

சாப்பாட்டு ஹால்ல யாரு எங்க வேணா உக்காரலாம்னு இன்னொரு தாராளம். அம்பலம் கேசரிய அள்ளி வாயில வைக்கறான், எதுத்தாப்புல தட்டோட வந்து உக்காந்தாரு சிவசுப்ரமணியன். யாரு அந்த ஆளு? அம்பலம் ஆபீசுலயே சூப்பிரண்டா இருந்து போன வருஷம் ரிட்டையர் ஆனவரு. ரிட்டையரானது ஆளுதான், வாயி இன்னும் சர்வீசுலதான் இருக்கு. தெனம் மேடத்துக்குப் போனு போட்டு ஆபீசுல யாரு தும்முனா, யாரு தூங்குனான்னு பேசுவாரு. ஆபீசு வாட்ஸப் குரூப்புல விருத்தாம்பாளுக்குன்னு வெளக்குப் படம் போட்டு, பேரெல்லாம் எழுதி, கண்ணீர் அஞ்சலி செலுத்துனதே அவருதான்.

"இன்னாய்யா அம்பலம், மாமியா போயிட்டதா போட்டாங்க. நீ இங்க கேசரி தின்னுக்கிட்டு இருக்க?"

கேசரி தொண்டையில நின்னுடுச்சு. அம்பலம் முழுங்கறத்துக்குள்ள ஒரு பொய் ரெடியாயிடுச்சு.

"அஸ்தி கரைக்க வந்தேன் சார்."

"கப்பல்லயா? ஏன், நம்ம கடலூர் சில்வர் பீச்சுல தண்ணி இல்லியா?"

கடைசி ஆசை சார், நடுக்கடல்லதான் கரைக்கணும்னு சொல்லிட்டுக் கண்ண மூடுனாங்கன்னான். சிவசுப்ரமணியன் அப்படியே உருகிட்டாரு. பெத்த புள்ள கூட செய்யமாட்டானேன்னு அவன் தோள தட்டுனாரு.

அந்த நேரம் பாத்து, கண்ண மூடுன விருத்தாம்பாள் ரெண்டு கையிலயும் கோன் ஐஸோட வருது. ஐஸ்கிரீமுக்கு அளவு கெடையாதுங்கறது அந்தக் கப்பலோட இன்னொரு நல்ல கொணம்.

"மாப்ள, பிஸ்தாவும் இருக்கு."

மாப்ளன்னதும் சிவசுப்ரமணியன் நிமிந்து பாத்தாரு. அம்பலம் அவரு காதுகிட்ட குனிஞ்சான். மாமியாவோட தங்கச்சி சார், அச்சு அசலா அக்கா மாதிரியே இருக்கும், துக்கத்துல கொஞ்சம் மூள கலங்கிடுச்சு, தன்னையே அக்கான்னு நெனச்சிக்கிட்டுப் பேசும், கண்டுக்காதீங்கன்னான்.

கண்டுக்காம இருக்கறதுக்கா அவரு பொறந்தாரு? எழுந்து போயி விருத்தாம்பாள் கையப் புடிச்சிக்கிட்டாரு, ஐஸோட சேத்து. அக்கா போயிட்டாங்கன்னு மனச விட்டுடாதீங்கம்மா, நாங்கல்லாம் இருக்கோம்னாரு.

விருத்தாம்பாள் அவரப் பாத்துது, அம்பலத்தப் பாத்துது, ஒழுவற ஐஸ ஒரு நக்கு நக்குச்சு.

"ஆமாப்பா. போயிட்டா மகராசி. நல்ல சாவு."

அம்பலத்துக்குப் போன உசுரு வந்துது. நெல்லிக்குப்பத்துல விருத்தாம்பாளுக்கு நெசமாவே ஒரு அக்கா இருந்து, போயி ரெண்டு மூணு வருஷம் ஆவுது. அதத்தான் கேக்கறாருன்னு நெனச்சிக்கிச்சு போலருக்கு, தப்பிச்சோம்டான்னு நடராஜருக்கு ஒரு அர்ச்சன நேந்துக்கிட்டான்.

ஆனா சிவசுப்ரமணியனுக்கு நல்ல மனசு. நல்ல மனசுக்காரங்க சும்மா உக்காரமாட்டாங்க. நேரா இளவரசுகிட்ட போயி, இந்த மாதிரி ஒரு அஸ்தி கரைக்கற காரியம், முறையா செய்யணும்னு கேட்டாரு. அம்பலம் பின்னாலயே ஓடுனான். எந்தக் கப்பல்ல இதுக்கெல்லாம் உடுவான், முடியாதுன்னு சொல்லிடுவான்னு அவனுக்கு அவ்ளோ நம்பிக்க. ஊர்ல ஒரு மண்டபத்துல காதுகுத்துக்குக் கூட பட்டாசு வெடிக்கக் கூடாதுங்கறான்.

இளவரசு மொகத்துல ஒரு வெளிச்சம் வந்துது பாருங்க. விருந்தாளி ஆசைதான் சார் எங்க சட்டம்னான். சாயங்காலம் மேல்தளத்த ஒதுக்கி வச்சான். மாலைக்குச் சொன்னான். கப்பல் பூரா மைக்குல தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் இந்தியிலயும் அறிவிப்புக் குடுத்தான். பாட்டுக் கச்சேரிக்காரங்கள சோகமா ரெண்டு பாட்டு வாசிக்கவும் சொல்லிட்டான். இவ்ளோ தங்கமான கம்பெனிய எங்கயாவது பாத்திருக்கீங்களா?

இப்ப அஸ்திக்கு எங்க போறது? அம்பலம் சமயக்கட்டுக்கு ஓடுனான். யாரு வேணா உள்ள வந்து பாக்கலாம், அதுவும் தாராளம். தந்தூரி அடுப்புச் சாம்பல் இருந்துது. எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்கல, ஐஸ் போடற ஸ்டீல் வாளி நெறய அள்ளிக் குடுத்தாங்க. மேல வெள்ளத் துணியக் கட்டிக்கிட்டு வந்தான். சிவசுப்ரமணியன் பக்தியா கிட்ட குனிஞ்சி கும்புட்டாரு, கும்புட்ட மூக்கு கொஞ்சம் அங்கயே நின்னுச்சு. "அம்மாவுக்கு மசாலான்னா புடிக்குமோ?"ன்னாரு. உசுருன்னான் அம்பலம்.

நீச்சல் தொட்டியில பொடவையோட எறங்கி நின்ன அவன் பொண்டாட்டி தமிழ்ச்செல்வி சொட்டச் சொட்ட ஏறி வந்து, யாருங்க செத்ததுன்னு கேட்டா. அவகிட்ட வேற என்னா சொல்றது? நம்ம சிவசுப்ரமணியன் சாரு சொந்தக்காரங்கதான், பேச்சு வளக்காதன்னு அடக்குனான். அவளுக்கும் நல்ல மனசு. நேரா அவருகிட்ட போயிட்டா.

"மனச தேத்திக்குங்க சார்."

"நீ தேத்திக்கம்மா."

"எங்களுக்கென்னா சார், நீங்க தேத்திக்குங்க."

பெத்தவள பறிகுடுத்துட்டு இந்தப் பொண்ணு என்னையத் தேத்துதேன்னு அவரு துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டாரு. இவரு எவ்ளோ பாசக்காரருன்னு இவளும் அழுதா. அழுதுட்டு, தோச சூடா போடறாங்களாம்னு கீழ போயிட்டா.

சாயங்காலம் கப்பல் கடலூருக்கு நேரா வந்து நின்னுது. கர கண்ணுக்கே தெரியல. கப்பல் ஜனம் பூரா மேல்தளத்துல. பாதிப் பேரு அரை டவுசரு, கண்ணாடி, தொப்பி. ஒடுப்புல கட்டுப்பாடே கெடையாது பாருங்க, துக்கத்துக்கும் அதே தாராளம்தான்.

இளவரசு மைக்க அம்பலத்துகிட்ட நீட்டுனான். இறந்தவங்க பேரச் சொல்லுங்க சார், எல்லாரும் எழுந்து நின்னு மரியாத செய்யலாம்னான்.

செத்தான் அம்பலம். விருத்தாம்பாள்னு சொன்னா, பக்கத்துல நிக்கற மாமியா அப்பவே செருப்பக் கழட்டும். வேற பேரச் சொன்னா, அஞ்சலி போட்ட சிவசுப்ரமணியன் நிக்கறாரு, அடுத்த நிமிஷம் மேடத்துக்குப் போனு போவும். சூப்பிரண்டு நாற்காலி அப்படியே கடல்ல மெதந்து போறது அவன் கண்ணுக்குத் தெரிஞ்சிது.

விருத்தாம்பாள் மைக்க வெடுக்குன்னு புடுங்குச்சு.

"விருத்தாம்பாள். குமராட்சி."

மொத்த கப்பலும் தலையக் குனிஞ்சி நின்னுது. விருத்தாம்பாளும் குனிஞ்சி நின்னுது. பாடப் போற ஆளு பேரக் கேக்கறாங்கன்னு கெழவி தப்பா வெளங்கிக்கிட்டுது, சாமி காப்பாத்திட்டாருன்னு அம்பலம் கன்னத்துல போட்டுக்கிட்டான். ஏன்னா குமராட்சி பக்கம் எந்த வீட்ல சாவுன்னாலும் கூப்புடாமலே போயி ஒப்பாரி வைக்கற ஆளு அது. மைக்கு கையில கெடச்சா உடுமா? கொண்டைய அவுத்துவுட்டு ஆரம்பிச்சிடுச்சு.

"மாட்ட வித்து வண்டி குடுத்த மகராசி போறியேடி,
அந்த வண்டி பின்னால நீ ஒரு நாளும் ஏறலியே.
நெல்ல வித்து நக போட்ட நெறகொடமே போறியேடி,
அந்த மருமவன் உன்ன அத்தன்னு வாய் நெறயக் கூப்புடலியே."

டவுசரு போட்டவன்லேர்ந்து தொப்பி போட்டவன் வரைக்கும் தேம்பறான். பாட்டுக்காரங்க பின்னால மேளத்தச் சேத்துட்டாங்க. சிவசுப்ரமணியன் ஒரு கண்ணால அழுதுக்கிட்டு ஒரு கண்ணால அம்பலத்த மொறச்சாரு. வழக்கமா எல்லா சாவுக்கும் பாடறதுதான் சார்னு அம்பலம் முணுமுணுத்தான். அவரு மொறச்சதோட நிறுத்தல, அத்தனையும் வீடியோ எடுத்து அங்கேர்ந்தே ஆபீசு குரூப்புல போட்டுட்டாரு. நடுக்கடல்ல இன்டர்நெட்டு இலவசமாம். இதுக்கு மேல ஒரு கம்பெனி என்னாதான் செய்யும்?

தந்தூரிச் சாம்பல் கடல்ல போச்சு. அம்பலம் செல்லயே பாத்துக்கிட்டு நின்னான். குரூப்புல வரிசையா கும்புடற கை. கடைசியா மேடம். இப்படி ஒரு மருமகன் நம்ம ஆபீசுல இருக்கறது நமக்குப் பெருமை, அம்பலத்த சூப்பிரண்டு பதவிக்கு இன்னிக்கே மேல எழுதறேன்னு போட்டிருந்தாங்க. அம்பலம் போயி ஒரு தட்டு கேசரி வாங்கித் தின்னான், நிம்மதியா.

சிதம்பரம் வந்து எறங்குனாங்க. தமிழ்ச்செல்வி பால் வாங்கக் கடைக்குப் போயிட்டா. அம்பலம் ஃபேனப் போட்டுட்டு, நல்ல மனசு வந்தவனா, வாய் நெறய "அத்த, கப்பல் எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டான்.

விருத்தாம்பாள் மிச்சமிருந்த முறுக்க ஒடச்சிக்கிட்டே, தங்கமான கப்பலு, செத்தவளுக்குக் கூட கேட்ட ஐஸ் குடுக்கறாங்களேன்னுச்சு. அம்பலத்துக்கு ஃபேன் காத்துலயே வேத்துது.

"நீங்க லீவு சொன்ன அன்னிக்கே உங்க மேடம் துக்கம் கேட்டு தமிழு நம்பருக்குப் போனு பண்ணிச்சு மாப்ள, எடுத்து தமிழு மாதிரியே அழுததே நான்தான், பதினாறாம் நாள் காரியத்துக்கும் சேத்தே லீவு கேட்டு வாங்கிட்டேன், அடுத்து எந்தக் கப்பலு?"

சரிப்பா, நீங்க லீவுக்காக யார யார அனுப்பி வச்சீங்க, அதுல யாரு திரும்பி வந்து கேட்டாங்க? மறைக்காம எனக்கு எழுதிப் போடுங்க.