கார் ஷெட் கதவடியில் நான்கு விரல் சந்து

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். யாவரும் என்பது இப்போது நான் ஒருவன்தான், அவனும் நலமில்லை. தாங்களும் தங்கள் துணைவியாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் தங்கையின் நலத்தைத் தாங்கள்தான் எனக்கு எழுத வேண்டும். ஐந்து நாளாக அவள் அங்கே இருக்கிறாள்.

ஏன் வந்தாள் என்பதை இதற்குள் அழுதோ அழாமலோ சொல்லியிருப்பாள். அவள் சொன்னதெல்லாம் உண்மை. ஆனாலும் தூக்குத்தண்டனைக் கைதியைக்கூட 'ஏதாவது சொல்லணுமா' என்று கேட்பார்கள் அல்லவா? அந்த முறையில் இதைப் படிக்கவும்.

எங்கள் கார் ஷெட்டில் கார் இல்லை என்பது தாங்கள் அறிந்ததே. வீட்டுக்குப் பின்னால் பத்தடி தள்ளி, பின்தெருவைப் பார்த்து இருக்கும் அந்த ஷெட்டில்தான் உங்கள் தங்கை மெஷினைப் போட்டுத் தைக்கிறாள். மேலே தூக்கும் கதவு, மோட்டார் வைத்தது. அதன் அடிவிளிம்பில், மழைத்தண்ணீர் வராமலிருக்க, காடி என்கிற நீளப் பள்ளத்தில் செருகிய ரப்பர் பட்டை உண்டு. போன மாத மழையில் அந்தப் பட்டை காய்ந்த வெற்றிலை மாதிரி நொறுங்கிவிட்டது. தண்ணீர் உள்ளே வந்து, குழந்தைகள் மருத்துவமனைக்காக அவள் வெட்டி வைத்திருந்த பன்னிரண்டு திரைச்சீலைத் துணிகளின் கீழ்வரிசையை நனைத்தது. "கதவுக்காரரைக் கூப்பிடுங்க. அரை மணி நேர வேலை" என்றாள். இந்த இடத்தில் நான் தலையாட்டியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. "ஒரு ரப்பரைச் செருகறதுக்கு ஆளா? முப்பத்தோரு வருஷம் எடை அளவைத் துறையில முத்திரை ஆய்வாளரா இருந்தவன் நான்" என்றேன். விதி வாயில் உட்கார்ந்திருந்தது, மச்சான்.

இரும்புக்கடைக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "சார், எங்க அப்பா காலத்துல வந்து, அளவு குறையுதுன்னு எங்க அளவுகோலை ஒடிச்சுப் போட்டவர் நீங்கதானே?" என்றார். நான்தான் என்றேன். "அளவு சொல்லுங்க சார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவர் சொன்னபோது அது மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பழைய பட்டையை இழுத்தேன். வரவில்லை. கதவில் ஒரு காலை முட்டுக்கொடுத்து இழுத்தேன். வந்தது. பட்டையும் நானும் சேர்ந்தே வந்து தையல் மேஜையில் விழுந்தோம். மேஜையில் மெஷின் எண்ணெய்ப் புட்டி மூடி திறந்திருந்தது. மழையாவது கீழ்வரிசையைத்தான் நனைத்தது, காய்ந்தும் விட்டது. நான் மேல்வரிசை மூன்றையும் எண்ணெயில் ஊறப்போட்டேன். உங்கள் தங்கை ஓடி வந்து பார்த்தாள். திட்டவில்லை. "அடிபட்டுச்சா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

புதுப் பட்டையைச் சோப்புத் தண்ணீர் தொட்டுக் காடியில் செருக வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். கொஞ்சம் தொடுவானேன் என்று வாளியில் முக்கியே எடுத்தேன். ஒரு முனையில் செருகியது மறுமுனையில் விலாங்கு மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டது. மூன்று தடவை போனது. நாலாவது தடவை நின்றது. நின்றபின் பார்த்தால் இடது பக்கம் நான்கு விரல் அளவு போதவில்லை! நான் இழுத்துப் பிடித்து அளந்திருக்கிறேன், மச்சான். ரப்பர் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும் என்று எனக்குத் தெரியாதா? துணியை இழுத்து அளந்ததற்காக நான் வழக்குப் போட்ட கடைகளுக்குக் கணக்கே இல்லை. அந்த நான்கு விரல் சந்தில் என் பழைய பனியனைச் சுருட்டித் திணித்தேன். அன்று சாயங்கால மழையில் அந்தப் பனியனைத் தள்ளிக்கொண்டு ஒரு தவளை உள்ளே வந்து, மெஷின் மிதியில் உட்கார்ந்து, உங்கள் தங்கை கால் வைக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தது.

மறுநாள் தடிப்பான பட்டையாக, நீளமும் தாராளமாகப் பார்த்து வாங்கி வந்தேன். இது கச்சிதமாக நின்றது. ஆனால் கதவு நிற்கவில்லை. அடியில் ஏதாவது தட்டுப்பட்டால் நசுக்காமல் மேலே போய்விட வேண்டும் என்பது அந்த மோட்டாரின் குணம். கதவு இறங்கும், ரப்பர் தரையைத் தொடும், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவளுக்கு ஞாபகம் வந்த மாதிரி சட்டென்று கிளம்பி மேலே ஓடும். தெருவே நின்று பார்த்தது. ஒன்பதாவது தடவை அது மேலே போனபோது, துணிமூட்டையையும் பையையும் எடுத்துக்கொண்டு உங்கள் தங்கை அதன் அடியில் குனிந்து வெளியே வந்தாள். "எங்க போற?" என்றேன். "ஊர்ல இருக்கிற கடையெல்லாம் அளந்தீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள். போய்விட்டாள். அப்போது கதவு பாதியில் இருந்தது; மூடவுமில்லை, திறக்கவுமில்லை. நானும் அப்படியே நின்றேன்.

இன்று காலை, அவள் வருவதற்குள் எல்லாவற்றையும் சரிசெய்து வைத்துவிட வேண்டும் என்ற வைராக்கியத்தில், பட்டையின் தடிப்பைக் கத்தியால் சீவினேன். சீவியதில் பட்டை காடியில் பிடிக்காமல் தொங்கியது. சரி என்று ஒரு டப்பாப் பசை முழுவதையும் ஊற்றி ஒட்டினேன். ஒட்டியது இறுகட்டும் என்று, உள்ளே நின்றபடியே பொத்தானை அழுத்திக் கதவை இறக்கினேன். இறுகிவிட்டது. பசை வழிந்து, கதவு, ரப்பர், தரை மூன்றும் ஒரே உடம்பாகிவிட்டன. மோட்டார் முனகியது, சங்கிலி விறைத்தது, பிறகு மோட்டாருக்கும் மூச்சு நின்றது. போன் வீட்டுக்குள் இருக்கிறது. ஜன்னலில் என் தலை மட்டும் போகிறது. தெருவில் போனவர் ஒருவரைக் கூப்பிட்டேன். வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். மேஜையில் கிடந்த காகிதத்தை எடுத்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மைத்துனரே, நான் தோற்றுவிட்டேன். இனி இந்த வீட்டில் எதை அளப்பதானாலும் அவளைக் கேட்டே அளப்பேன். அவள் மெஷின் ஓடாத இந்த ஷெட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே காது அடைத்துக்கொள்கிறது. தயவுசெய்து நாலு நல்ல வார்த்தை சொல்லி அவளை அனுப்பி வையுங்கள். எங்கள் சண்டையில் தங்கள் மனம் பட்ட வேதனைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வயதில் மூத்தவர், வாழ்த்துங்கள். திட்டிவிட்டு வாழ்த்தினாலும் சரி.

இப்படிக்கு,
கதவுக்கு உட்பட்ட
தங்கள் தங்கை கணவன்

பி.கு.: கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் வாசலில் வண்டி நின்றது.

"ஏங்க, உள்ளயா இருக்கீங்க?"

"ஆமா."

"கதவத் திறங்க."

"முடியாது. ஒட்டிக்கிச்சு."

"யாரு ஒட்டினது?"

"நாந்தான்."

 அவ்வளவுதான், மச்சான், உங்கள் தங்கை சிரித்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள் போல, கதவே அதிர்ந்தது. வெந்நீர் வைத்து அடியில் ஊற்றி, கத்தி விட்டு அறுத்தாள். மோட்டார்தான் போய்விட்டதே, கதவைக் கையாலேயே மேலே தூக்கினாள். ரப்பர் மட்டும் தரையோடு தங்கிவிட்டது.  அவள் கதவை இறக்கினாள். அது ரப்பர்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. வெளியே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. "இருக்கட்டும். இதை நீங்க தொடாதீங்க" என்றாள்.

பன்னிரண்டு திரைச்சீலைகளையும், எண்ணெய் பட்டதற்குப் பதில் புதுத்துணி எடுத்து, தங்கள் வீட்டு மெஷினிலேயே தைத்து முடித்துக் கொண்டுவந்திருக்கிறாள். "கோவிச்சுக்கிட்டா போனேன்? தைக்க இடம் இல்லாம போனேன். அண்ணன்கிட்டயும் அதைத்தான் சொன்னேன். சண்டைன்னு ஒரு வார்த்தை மூச்சு விடலையே" என்கிறாள்.

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள். இதன் பின்பக்கம், அவள் முன்பே எடுத்து மேஜையில் வைத்திருந்த தங்கள் சட்டையின் அளவுத்தாளாம். தங்கள் தையல்காரரிடம் கொடுக்கத் தங்களுக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டு வந்தாளாம். ஆகவே அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து மறுபக்கத்தை மட்டும் பார்க்கவும்.