பன்னி மாமாவின் பிஸ்கட் சட்டம்

சிதம்பரம் மருத்துவக் கல்லூரியில் பன்னி மாமாவிடம் திட்டு வாங்காத டாக்டரே கிடையாது. நோயாளிகள் மட்டும் தப்பித்தார்கள், அவர்கள் பன்றிக் கொட்டகைப் பக்கம் வருவதில்லை.

இரண்டாயிரத்து எட்டுவாக்கில் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்துப் பன்றிகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். குறிஞ்சிப்பாடிக்காரர், என் அப்பாவுக்கும் தெரிந்தவர். நான் ஆராய்ச்சி மாணவன். பன்றியின் உறுப்பை வேறொரு உடம்பு ஒதுக்காமல் ஏற்குமா என்று பார்க்க, பன்றியின் ரத்தத்தை உண்டாக்குகிற ஸ்டெம் செல் வேண்டும். எலும்புக்குள் கிடக்கிற அந்தச் செல்லை ரத்தத்துக்கு வரவழைக்க எட்டு நாள் காலையில் ஊசி. எட்டாம் நாள் ஊசி முடிந்ததும் மயக்க மருந்து கொடுத்து, இயந்திரத்தில் சேகரிக்க வேண்டும். முதல் நாள் சிரிஞ்சோடு போன என்னை மாமா வாசலிலேயே மறித்தார்.

"வந்ததும் குத்தறதுக்கு அது என்னா பஞ்சு மெத்தையா? மொதல்ல பிஸ்கட் குடு, அப்புறம் குத்து."

இரண்டு கொடுத்தால் கஞ்சப்பயல் என்றார். நாலு கொடுத்தால் பன்றிக்கு வயிறு கெடும் என்றார். மூன்றுதான் சரி என்று நானே கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

எட்டாம் நாள் மட்டும் பன்றி பட்டினி கிடக்க வேண்டும். வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் வாந்தி எடுத்து, மூச்சடைத்துச் செத்துப்போகும். அது பட்டினி என்றால் மாமாவும் பட்டினி, டீகூடக் கிடையாது. அன்றைக்கு அவர் பக்கத்தில் காக்காகூட வராது.

அந்த எட்டாம் நாள் காலை, கடைசி ஊசியைப் போட்டுவிட்டு இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பேராசிரியர் வந்தார். பன்றியின் மூக்கில் பிஸ்கட் துகள். யார் கொடுத்தது என்று கேட்டார்.

"நாந்தான் சார்," என்றார் மாமா. "பசியில கத்துச்சி."

எனக்குக் கண் மண் தெரியாத கோபம். எட்டு நாள் உழைப்பு நாசம். மனுஷனாய்யா நீ என்று, வயசுக்குக்கூட மரியாதை இல்லாமல் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். மாமா வாயே திறக்கவில்லை. பேராசிரியர் அவரை அப்போதே கொட்டகையை விட்டு கேட் வேலைக்கு மாற்றினார்.

வெள்ளைக் கோட்டைக் கழற்றும்போதுதான் பைக்குள் கை போனது. பிஸ்கட் பாக்கெட். காலையில்தான் வாங்கியது. பிரித்திருந்தது, மூன்று குறைந்திருந்தது.

ஊசிக்கு முன்னால், பழக்க தோஷத்தில் கை தானாகக் கொடுத்திருக்கிறது. கேட்டுக்கு ஓடினேன். என் வேலை என்று தெரிந்தும் பேராசிரியரிடம் ஏன் சொல்லவில்லை என்று அவரிடமே கத்தினேன்.

"பிஸ்கட் குடு, பிஸ்கட் குடுன்னு ஒன்னப் பழக்குனது நாந்தான? ஒன்ன வெளிய அனுப்பிட்டா ஒங்க அப்பாவுக்கு யாரு பதில் சொல்றது? போ."

நேராகப் போய்ப் பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். எனக்கு விழுந்த அர்ச்சனை கட்டடம் முழுக்கக் கேட்டது. மறுநாள் மாமா கொட்டகைக்குத் திரும்பினார். கை கழுவாமல் வந்தேன் என்று வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

வாயே திறக்காமல் என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டு நின்றாரே, அந்த ஒரு நாளுக்காக அவர் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.